ஏழு பன்னிரண்டு

திங்கள் தொடங்கி என் வேனில் ஒரே கூத்து.
பள்ளிக்கூடத்துக்குத் தாதி ஒருத்தி வந்துபோனாளாம்.
பின்சீட்டில் ஆறு பேரும்
வாயை ஒரு பக்கம் இழுத்து
ஒரு கையைத் தொங்கப்போட்டு
குழறிக் குழறிப் பேசி
ஆர் நல்ல நோயாளி என்று போட்டி.
கண்ணாடியில் பார்த்துக் கத்தினேன்:
"வருத்தக்காரரைப் பழிக்காதேங்கோ, உங்களுக்கே வந்திடும்."
துவாரகி சொன்னாள்:
"பழிக்கேல்லை அங்கிள். பழகுறம்."

வியாழன்.
உவர்மலை இறங்கி பஸ் நிலையம் தாண்ட
தெருவை மறித்து மான் கூட்டம்.
குப்பைப் பையில் வாழைத்தோல் தேடும்
திருக்கோணமலை மான்கள்;
ஹோர்னுக்கும் அசையாது, ஆளுக்கும் அசையாது.
பிரேக்கை மிதித்தேன்.
மான்கள் போய்விட்டன.
நான் போகவில்லை.
ஸ்டேரிங்கில் இருந்த வலக்கை
மெல்ல வழுக்கி மடியில் விழுந்தது,
ஆரோ மறந்துவிட்டுப்போன பார்சல்போல்.

"போவம்" என்று சொன்னேன்.
வெளியே வந்தது போவம் இல்லை.
கைதட்டினான் லெவின்:
"அங்கிளும் விளையாடுறார்!"

துவாரகி சிரிக்கவில்லை.
சீட்டுகளுக்கு இடையால் ஏறி வந்து
என் முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்தாள்.
"அங்கிள், சிரியுங்கோ."
நாற்பத்துமூன்று வயதை
ஒன்பது வயது அதட்ட
சிரித்தேன்.
பாதிதான் சிரித்ததென்று
அவள் கண்ணில் தெரிந்தது.
"ரெண்டு கையையும் தூக்குங்கோ."
ஒன்று போனது.
"மான் மேயுது, சொல்லுங்கோ."
மான்
எனக்குள் நின்றது.
புள்ளி, கொம்பு, வாயில் தோல்
எல்லாம் துலக்கமாய்.
பெயர்தான் வரவில்லை.

சின்னவள் அஸ்ரா அழுதபடி
தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினாள்.
"குடுக்காத! புரைக்கேறும்!"
லெவின் இப்போது சிரிப்பை விட்டு
திறப்பைத் திருகி எஞ்சினை நிறுத்தினான்.
என் சட்டைப்பையில் கைவிட்டுப் போனை எடுத்து
சோர்ந்த என் விரலையே தூக்கி அழுத்தித் திறந்து
இலக்கம் அடித்தாள் துவாரகி, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி:
"ஒண்டு, ஒம்பது, ஒம்பது, பூச்சியம்."

அந்த இலக்கம்
எங்களுக்கு ஓர் ஆண்டு.
எனக்கு ஒன்பது வயது.
ஒரு கையில் கோழியும் மறுகையில் தம்பியுமாய்
காட்டுக்குள்ளால் ஓடிய ஆண்டு.
அம்மா அந்த நாலையும்
பிறகு சேர்த்துச் சொன்னதே இல்லை;
"அந்த வருசம்" என்பாள், அவ்வளவுதான்.
அப்போது நாங்கள் கூப்பிட ஓர் இலக்கம் இருக்கவில்லை.
இந்தப் பிள்ளை அதை
கூப்பிட்டால் ஆள் வரும் என்று நம்பிச் சொல்கிறது.

வந்தார்கள்.

வருமுன் பேனாவால்
உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்: 7.12.
தொடங்கிய நேரம் கேட்பார்களென்று
தாதி சொல்லியிருந்தாளாம்.
ஆம்புலன்ஸ்காரப் பொடியனுக்குத் தமிழ் வராது.
இலக்கம் வந்தது.
அவள் உள்ளங்கையில் இருந்து
தன் கையுறைக்குப் பார்த்தெழுதினான்;
கையுறையில் இருந்து டொக்டரின் தாளுக்குப் போனது.
"நேரம் தெரிஞ்சபடியாத்தான் ஊசி போட ஏலுமாயிருந்தது"
என்று டொக்டர் சொன்னதை
மூன்றாம் நாள் மனைவி சொல்லித்தான் அறிந்தேன்.
துவாரகி வீட்டில் அன்றிரவு
கையில் சோப் போட விடவில்லையாம்.

இப்போது வேனைத் தம்பி ஓட்டுகிறான்.
கோழியோடு நான் தூக்கிக்கொண்டு ஓடியவன்.
கதவுப் பக்கம் நான், தடியோடு.
மானை இன்னும் "மா" என்றுதான் கூப்பிடுகிறேன்,
அவையும் திரும்பிப் பார்ப்பதில்லை.

காலையில் ஏறுமுன் ஆறு பேரும் வாசலில் நின்று
"அங்கிள், சிரியுங்கோ."
சில நாள் எரிச்சலாய் இருக்கும்,
இரவு நித்திரை இல்லை, மருந்துக்குக் கடன்,
என்னத்தைச் சிரிக்க.
சிரிக்கிறேன்.
வலப்பக்கம் கொஞ்சம் பிந்தித்தான் வரும்.
அது வந்துசேரும்வரைக்கும்
ஒருத்தரும் ஏறுவதில்லை.
பின்னால் ஹோர்ன் அடிக்கிறார்கள்.