மீன் வாங்காத ஒருவர்

முதல் இரவில் நான்கு பேர் பார்த்தார்கள்.
அதில் ஒருத்தி என் நாத்தனார்.
இன்னொன்று நானேதான், மகனின் ஃபோனிலிருந்து.

பகலெல்லாம் தேக்கா சந்தையில் கத்திய தொண்டை
இரவு ஒன்பதுக்கு ஈசூன் வீட்டுச் சமையலறையில்
மைலோ டப்பாமேல் கைப்பேசியைச் சாய்த்து
மறுபடி கத்தியது:
நாளைக்கு வஞ்சிரம், கிலோ இருபத்திரண்டு வெள்ளி,
சுத்தம் செய்து தருகிறேன்.

யாரோ எழுதினாள், சங்கராவில் முள் அதிகமாமே?
ஒருத்திதான் கேட்டாள்.
கால்மணி நேரம் அவளுக்கே சொன்னேன்,
முள் எங்கே படுத்திருக்கும்,
கத்தி எங்கே இறங்க வேண்டும்,
பிள்ளைக்கு ஊட்டுவதென்றால் எந்தப் பக்கம்.
சனிக்கிழமை கடைக்கே வந்துவிட்டாள் நிவேதனா,
பொங்கோலிலிருந்து ரயிலில் நின்றபடியே,
இடுப்பில் பிள்ளையோடு.
"என் பேரைச் சொன்னீங்களேக்கா."
மீனைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.
ஒரு கிலோ வாங்கினாள்.

பக்கத்து வரிசை ஆ ஹொக்கும் இரவில் விற்கிறான்.
வட்ட விளக்கு, பாட்டு, குலுக்கலில் நண்டு.
இரண்டாயிரம் பேர்.
நண்டு தீர்ந்த இரவு ஆளும் தீர்ந்தது என்று
அவனே வந்து சொன்னான்,
என் கோப்பி-ஓவில் பாதியைக் குடித்துக்கொண்டு.

எனக்கு நூறு தாண்டவே எட்டு மாதம்.
ஐஸ் ரசீதுகளின் முதுகில் எழுதி வைத்திருக்கிறேன்:
மேடம் கோவுக்குத் தலை மட்டும்,
யூசுப் அண்ணனின் மாமியாருக்குப் புளி ஆகாது.
ரசீது நனைந்து அழிந்தால் மறுபடி கேட்பேன்.
மறந்ததற்கு யாரும் கோபித்ததில்லை,
கேட்காமல் விட்டதற்குத்தான்.

தோ பாயோ தணிகாசலம் திட்டுவார்.
"செவ்வாய்க்கிழமை கொடுத்தது பழைய மீன்."
ஆமாம் ஐயா, இரண்டாம் நாள் மீன்,
சொல்லாமல் கொடுத்தது என் தப்பு என்றேன்
எல்லோர் முன்னாலும்.
அடுத்த வாரமும் வந்தார், திட்ட.
அவர் திட்டாத வாரம் எனக்குக் கை ஓடாது.

சேசுராசு மட்டும் ஒன்றும் வாங்கியதில்லை.
துவாஸ் விடுதி. டப்பாச் சோறு. அடுப்பு கிடையாது.
தினமும் ஒரே வரி: வந்துட்டேன்க்கா.
வாங்க சேசுராசு, இன்னைக்கு எத்தனை மணிக்கு விட்டாங்க?
எட்டரைக்கு.
அவ்வளவுதான். அதன் பிறகே வௌவால் விலை சொல்வேன்.
எப்படியோ அது ஒரு முறையாகிவிட்டது.

நவம்பரில் ஓர் இரவு அவர் வரவில்லை.
ஒன்பது ஐந்து. ஒன்பது பத்து.
நான் இறாலைத் தூக்கிக் காட்டினேன்.
தமிழ் புரியாத மேடம் கோதான் முதலில் எழுதினார்,
எங்கே அந்தத் துவாஸ் பையன்?
பிறகு ஒவ்வொருவராக எல்லோரும்.
இறால் என் கையில் சொட்டிக்கொண்டிருந்தது,
விலையை யாரும் கேட்கவில்லை.

நாலாம் நாள்: வந்துடன்கா.
எழுத்து தவறியிருந்தது.
வலது கையில் தையலாம், ஏழு.
திரை ஓடிய ஓட்டத்தில்
தணிகாசலத்தின் வரி மட்டும் கண்ணில் பட்டது:
என் கணக்கில் இரண்டு துண்டு வஞ்சிரம்,
பொரித்தே அனுப்பும்மா.
பழசு வேண்டாம்.

பொரித்தேன். மகன் கொண்டுபோனான்,
ஒன்றரை மணி நேரம், முணுமுணுத்துக்கொண்டே.

இது அன்பா வியாபாரமா என்று கேட்டாள் நாத்தனார்.
அந்த வாரம் வௌவால் ஒன்றுகூட மிஞ்சவில்லை.
அதையும் சொல்லிவிட வேண்டுமல்லவா.
வெள்ளியை எண்ணி மைலோ டப்பாவில் போட்டேன்.
மூடி அதன்மேல் கைப்பேசியைச் சாய்த்தேன்.
ஒன்பது மணி.
இன்னும் விலை சொல்லவில்லை.