ஒரே குர்தா

ஜைகம் ரிஸ்விக்கு நல்ல குர்தா ஒன்றுதான்.
லக்னோ சிக்கன் வேலை, வெள்ளை.

ஈத் காலையில் அத்தர் தொட்டு வெறுமனே.
மைத்துனன் நிக்காஹ்வுக்கு
மேலே கையில்லாக் கருப்புக் கோட்டு.
நேர்காணலுக்கு முழங்கைவரை மடித்து ஜீன்ஸோடு
(வேலை கிடைக்கவில்லை,
குர்தாமேல் பழியில்லை).

ஹோலியன்று மாடியிலிருந்து
பங்கஜ் சக்சேனா கவிழ்த்தான்
ஒரு வாளி ஊதா.
சோப்பு, எலுமிச்சை, வசவு
எதற்கும் அசையவில்லை.

முஹர்ரம் பிறைக்கு நான்கு நாள் முன்
சாயக்காரனின் கொதிக்கும் கருப்பில் முக்கினான்.
பூக்களும் கறுத்தன.

இன்று ஊர்வலத்தில்
நூறு கருப்புக்குள் ஒரு கருப்பு.
இஸ்திரி போடவில்லை;
துக்கத்துக்கு எதற்கு மடிப்பு.

நெஞ்சில் அறையக் கை உயரும்போது மட்டும்
அக்குளடியில், வெயிலில்,
கொஞ்சம் ஊதா.

தண்ணீர்ப் பந்தலில் நிற்கும் பங்கஜ்
பார்த்துவிட்டான்.
இரண்டாவது குவளை
கேட்காமலே வருகிறது.