தங்க வளையம்

சாட்ஸ்வர்த்தில் மின்சாரம் போகும் நேரங்களில்
என் பேட்டரியிலிருந்து சுவரைத் தாண்டி
ரூபன் படையாச்சி வீட்டுக்கு ஒரு கம்பி.
நடுவில், மதில்மேல், நானே கட்டிய அம்மீட்டர்.
அது காட்டுவதை வைத்து மாதக் கணக்கு.

அம்மீட்டருக்கு மின்னோட்டம் தெரியாது.
பத்தில் ஒரு பங்கு ஓம் தடையின் இரு முனைகளுக்கிடையே
விழும் வோல்ட்டை மட்டும் பார்க்கிறது.
தடை கொஞ்சம் கூடியிருந்தால்
ஆம்பியர் கூடிவிட்டதாகச் சொல்லும்,
கூசாமல்,
இரண்டு தசம இடம் வரை.

அந்தத் தடையின் ஓரத்தில் தங்க நிற வளையம்.
தங்கம் என்றால் இங்கே
ஐந்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும் என்று பொருள்.
பழுப்பு என்றால் ஒன்றுதான்.
மாற்றுப் பார்த்து வளையல் வாங்கும் நான்
இந்தத் தங்கத்தை எட்டு மாதம்
உரைத்துப் பார்க்கவில்லை.

பொறுதி என்கிறது பாடப்புத்தகம்.
பொறுத்தது ரூபன்.

நேற்று வேலையிடத்து மீட்டரை இரவல் வாங்கி
அதே கம்பியில் தொடராக வைத்தேன்.
அது 2.00. என்னுடையது 2.09.
குறைவாகவும் விழுந்திருக்கலாம்.
விழவில்லை.

ஐம்பத்திரண்டு ராண்டை உறையில் போட்டு
அவன் கதவிடுக்கில் செருகினேன்.
பழுப்பு வளையத்தைப் பற்றவைத்தேன்.
அதற்கும் ஒரு சதவீதம் உண்டு, இரவல் மீட்டருக்கு அரை,
சூடேறினால் இன்னும் கொஞ்சம்.

இன்று இரவு தெரு இருண்டதும்
உறையைப் பிரிக்காமலே
மதிலுக்கு மேல் தலை நீட்டினான்:
"கோகி, எண் இறங்கியிருக்கே,
எனக்குக் கரண்டைக் குறைச்சுட்டியா?"