பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லவும்

பதிவேட்டுக்காக, என்றார் குழுத் தலைவர்,
பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லவும்.
எல். ஈ. என். ஐ. என்.
எங்கோ ஒரு நாற்காலி முனகியது.
மூக்குக்கண்ணாடியைத் தாழ்த்தி அவர் பார்க்க
பின்வரிசையில் மார்லீன் வுர்ப்கா
சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

சிங்காநல்லூர் ஆலைவாசலில் கொடியேற்றியவர் வைத்த பெயர்.
சிவப்புக் கட்சியில் சேர்ந்துவிட்டேன் என்று
போனில் சொன்னபோது
மகிழ்ந்துபோனார் மனிதர்.
நெப்ராஸ்காவில் சிவப்பு வேறு சிவப்பு என்று விளக்க
ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போயிற்று.
அடுத்த மூன்று ஞாயிறும்
அம்மாதான் போனை எடுத்தாள்.

பச்சை விளக்கு. மூன்று நிமிடம்.

ஐயா, என்னிடம் ஒரு வேன் இருக்கிறது.
சக்கர நாற்காலி ஏறச் சரிவுப்பலகை உண்டு.
கிராண்ட் ஐலண்டில் டயாலிசிஸுக்கு
வாரம் மூன்று முறை போகிறவர்கள் இருக்கிறார்கள்.
கூலிக்கு அவர்களை ஏற்றிப்போக
உரிமம் கேட்டேன்.
என் பிரேக்கை யாரும் மிதித்துப் பார்க்கவில்லை,
கண்ணைச் சோதிக்கவில்லை.
ஏற்கெனவே வண்டி விடுகிற இரண்டு கம்பெனிகளை அழைத்து
இவன் தேவையா என்று கேட்டார்கள்.
தேவையில்லை என்றார்கள்.
டீக்கடைக்கு எதிரே டீக்கடை போட
முதல் கடைக்காரனிடம் கையெழுத்து வாங்கிவரச் சொல்லும் ஊர்
எங்காவது உண்டா?

இந்தக் கடைசிக் கேள்வியை நான் கேட்கவில்லை.
தமிழில் வந்தது,
தொண்டையிலேயே நின்றுவிட்டது.

மஞ்சள்.

ஜனவரி முழுக்க டாரெல் கூல்மனுடன் கதவு தட்டினேன்.
விதைசோளம் விற்பவர், எங்கள் வட்டத்தின் கட்சிப் பொறுப்பாளர்.
இரண்டு அடிப் பனி, ஒரு ஃபிளாஸ்க் காப்பி,
கையுறை கழற்றினால்தான் எழுதும் பேனா.
அரசாங்கம் என்றால் களத்தில் நிற்கும் அடுத்தவன் மாடு, என்பார்,
விரட்டினால் ஒழியப் போகாது.
ஒரு வாசலில்
கையெழுத்தைப் போட்டுவிட்டு ஒருவர் கேட்டார்:
எல்லையை எப்போதப்பா மூடப்போகிறீர்கள்?
டாரெல் தன் பூட்ஸைப் பார்த்தார்.
நான் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.
அந்தக் கையெழுத்தும் இந்தக் கட்டில் இருக்கிறது ஐயா,
நூற்றுப் பதினேழாவது.
இதையும் நான் சொல்லவில்லை.

சிவப்பு.
அப்பாவுடையதும் இல்லை, டாரெலுடையதும் இல்லை,
வாயை மூடு என்கிற சிவப்பு.

எனக்குப் பிறகு எதிர்த்தரப்பு.
கம்பெனி வக்கீல் வழவழவென்று பேசினார்,
மறந்துவிட்டேன்.
மறக்காதது அவர்களின் ஓட்டுநர், லொரெய்ன் என்று பெயர்.
இவர் கூலியைக் குறைத்தால்
முதலில் குறைவது என் சம்பளம், என்றாள்.
என்னைப் பார்த்தேதான் சொன்னாள்.
எல்லாருக்கும் சவாரி கூடும் என்று
டாரெல் தந்த தாளில் பதில் இருந்தது.
அவள் குரலை வைத்துப் படித்தபோது
அந்த வரி கொஞ்சம் மெலிந்து தெரிந்தது.

மசோதாவைக் குழுவிலேயே நிறுத்திவைத்தார்கள்.
தோற்கவில்லை, தூங்குகிறது என்றாள் மார்லீன்,
அடுத்த வருடம் எழுப்புவோம்.
வெளியே, சட்டசபைக் கோபுரத்தின் உச்சியில்
விதைப்பவன் சிலை கைவீசி நின்றது.
அவனுக்கு யார் கொடுத்தார்கள் உரிமம், என்றார் டாரெல்,
ஒவ்வொரு முறையும் சொல்கிற அதே ஜோக்.
ஒவ்வொரு முறையும் போலச் சிரித்தேன்.
தொண்ணூற்றைந்து மைல்.
பிளாட் ஆற்று மணலில் கொக்குகள் இறங்கிக்கொண்டிருந்தன
ஆயிரம் ஆயிரமாய்,
எந்தக் கொக்கும் எந்தக் கொக்கையும் கேட்காமல்.

காலை நாலரை. ஆக்னஸ் ஸ்வோபோடா.
கூலி வாங்கினால் குற்றம்,
வாங்காவிட்டால் நான் வெறும் பக்கத்துவீட்டுக்காரன்.
மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பினால்
பின்சீட்டில், துணியில் சுற்றி, இளஞ்சூட்டில்
கசகசா வைத்த இரண்டு கொலாச்சி.

இது கூலியா, ஐயா?
பதிவேட்டுக்காகக் கேட்கிறேன்.
ஒன்றைத் தின்றாயிற்று.