ஐம்பத்தொன்பது டிகிரி

ஊட்டியில் ஜனவரி என்றால்
பீனால் பாட்டிலைத் தட்டிப் பார்க்க வேண்டாம்,
கல்தான்.
வெள்ளையாய் வாங்கியது, மூன்று வருஷத்தில்
ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டது.
வெந்நீர்ச் சட்டியில் கழுத்தளவு இறக்கி
அது மனசு மாறும்வரை நிற்பது என் வேலை.
கையில் பட்டால் முதலில் வலிக்காது.
வெளுக்கும். பிறகுதான் தெரியும்.

எட்டரைக்கும் புல்லெல்லாம் உறைபனி.
குழாயைத் திறந்தால் காற்று மட்டும் இருமுகிறது.
நேற்றுப் பிடித்துவைத்த வாளித் தண்ணீரில்
மேலே கண்ணாடிச் சில்லு.
அதை உடைத்துத்தான்
பதினாறு சோதனைக் குழாய்களைக் கழுவினேன்.
சோப்பு போட்டேன்.
அலசினேன் என்றுதான் சொல்லிக்கொண்டேன்.
விரல் மரத்தபின் யார் எண்ணுவார்
எத்தனை முறை என்று.

பரிசோதனை எளிது.
பீனாலும் தண்ணீரும் ஒரே குழாயில்.
குளிரில் தனித்தனி அடுக்கு.
கலக்கினால் மோர்.
சூடேற்றிக்கொண்டே போனால் ஒரு நொடியில்
சட்டென்று தெளியும்:
குழாய்க்குப் பின்னால் ஜன்னல் தெரியும்,
ஜன்னலுக்குப் பின்னால் சைப்ரஸ் மரம்,
மஞ்சு இறங்காத நாளாயிருந்தால்.
அந்த டிகிரியை எழுது.
ஆறவிடு. மறுபடி கலங்கும். அதையும் எழுது.
இரண்டும் ஒரே எண்ணாய் வந்ததை
இருபத்திரண்டு வருஷத்தில் நான் பார்த்ததில்லை.
ஒருமுறை சேர்ந்தது பிரிய
கொஞ்சம் கூடுதலாகவே ஆறவேண்டியிருக்கிறது.

பேராசிரியர் இந்தப் பாடத்துக்கு
'வேற்றுமையில் ஒற்றுமை' என்று
கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் தொடங்குவார்.
பின்வரிசையில் பர்னர் துடைக்கும் எனக்கு
அப்படியில்லை சார் என்று வாய்வரை வரும்.
நிறையத் தண்ணீரில் துளி பீனால்:
சூடே வேண்டாம், போன இடம் தெரியாது.
நிறைய பீனாலில் துளி தண்ணீர்:
அதுவும் அப்படியே.
மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும்போதுதான்
இரண்டும் விட்டுக்கொடுக்காது,
அறுபத்தாறு டிகிரி கேட்கும்.
சொற்பமாய்ச் சேர்வது சுலபம்.
பங்கு கேட்கிற அளவுக்கு வந்தால்தான் நெருப்பு.
எந்த ரெக்கார்டு நோட்டிலும்
முடிவு என்ற தலைப்பின் கீழ் இதை எழுதுவதில்லை.

யோகராணிக்கு ஐம்பத்தொன்பது வந்தது.
கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் லைனிலிருந்து
முதல் பஸ்ஸில் வருகிற பிள்ளை.
மறுபடி சூடேற்றினாள். கம்பி கிளுங் கிளுங்கென்றது.
ஐம்பத்தொன்பது.
பக்கத்து மேசை லிங்கன் பர்னரையே பற்றவைக்கவில்லை.
அண்ணனின் நோட்டிலிருந்த அறுபத்தாறு புள்ளி இரண்டை
அலுங்காமல் இறக்கிவைத்திருந்தான்.
அவன் வரைபடம் தொட்டபெட்டா மாதிரி
வழவழவென்று ஏறி இறங்கியது.
அவளுடையது ஏழு டிகிரி குட்டை.

வெளித்தேர்வாளர் கோயம்புத்தூர்க்காரர்.
மங்கி குல்லாயைக் கழற்றாமலே கேட்டார்.
"இந்த நம்பரை எங்கம்மா பிடிச்ச?"
"குழாயிலதான் சார்."
"புத்தகத்துல எவ்வளவு?"
"அறுபத்தாறு."
"அப்புறம்?"
"வரல சார்."

உப்பு கலந்தால் இந்த எண் ஏறும்.
உப்புக்குத் தண்ணீர் மட்டும்தான் உறவு.
சோப்பு கலந்தால் இறங்கும்.
அதற்கு ஒரு முனை தண்ணீர் ஜாதி,
மறுமுனை எண்ணெய் ஜாதி,
நடுவில் நின்று பேசி முடித்துவிடும்.
இது அவருக்குத் தெரியும், அவளும் படித்ததுதான்.
வாளி
அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் சிவப்புப் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.
வாயைத் திறக்க எனக்கு எவ்வளவு நேரமானது என்று
அங்கிருந்த எந்த வெப்பமானியும் குறிக்கவில்லை.
"சார், குழாயெல்லாம் நான் சரியா அலசல."

நிமிர்ந்து பார்த்தார்.
தாங்கியிலிருந்து யாரும் தொடாத குழாயை எடுத்தார்,
கால்வாசி தண்ணீர் விட்டார்,
கட்டைவிரலால் வாயை அடைத்துக் குலுக்கினார்.
நுரை.

யோகராணி அதைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.
மதிப்பெண் தாளில் அவர் என்ன எழுதினாரோ
நான் நின்ற பக்கத்திலிருந்து தலைகீழாய்த் தெரிந்தது.
பிறகு லிங்கனின் நோட்டைப் புரட்டினார்.
அறுபத்தாறு புள்ளி இரண்டில் விரலை வைத்துக்கொண்டு
தீப்பெட்டியை அவனிடம் நீட்டினார்.

அவன் குழாயும் அதே வாளிதான்.