இருபது மீட்டர்

டோருனுக்கு வானொலி உரிமம் இருக்கிறது,
அழைப்புக்குறி இருக்கிறது.
எனக்குக் குழி தோண்டும் உரிமை.

ஃபியோர்டின் கரையில் வீடு.
தெற்கே, சமையலறை ஜன்னலை அடைத்துக்கொண்டு
நிப்பா மலை.
அக்டோபரில் அதன் பின்னால் போகும் சூரியன்
மார்ச்சில்தான் தலைகாட்டும்.

பத்து மீட்டர் கம்பம் போதாது என்றாள்.
கம்பம் உயர்ந்தால் அலை தாழ்ந்து கிளம்பும்,
தாழ்ந்து கிளம்பினால் தூரம் போகும்.
ரொட்டிக் காகிதத்தில் கோடு கிழித்துக் காட்டினாள்.
மயிரைக் கட்டி மலையை இழுக்கிற வேலை என்று நினைத்தேன்,
சொல்லவில்லை.
படகில் சிமென்ட் வந்தது, பதினெட்டு மூட்டை.
மூன்று சனிக்கிழமையும் என் முதுகும் போயின.

இருபது மீட்டர் அலைக்கு
இருபது மீட்டர் கம்பம்.
முதல் இரவே மேற்கில்,
ஃபியோர்ட் வாய்திறந்து கடலாகும் பக்கம்,
நியூஃபவுண்ட்லாந்து மீனவன் ஒருவன்
அடுத்த அறையில் இருமுவது போலக் கேட்டான்.
உப்புத்தண்ணீர் அலையைத்
தாம்பாளத்தில் ஏந்திப் போகுமாம்.

தெற்கில் மட்டும் வெறும் இரைச்சல்.
பாதுவாவிலிருந்து காலைதோறும் வரும் ஒரெஸ்டே
வரவில்லை. அவருடைய மூட்டு அறுவைசிகிச்சை
எப்படி முடிந்ததென்றே தெரியவில்லை.

டோருன் கோணமானியோடு முற்றத்தில் நின்றாள்.
மலைமுடி இருபத்திரண்டு பாகை.
புதுக் கம்பத்தின் அலை கிளம்புவது பதினான்கில்.
"நேரே போய்ப் பாறையில் முட்டுகிறது,
செம்மறிகளுக்குத்தான் கேட்கும்."
குட்டைக் கம்பம்
முப்பது பாகையில் எம்பி எறிந்ததால்தான்
இத்தனை வருடம் நிப்பாவைத் தாண்டியிருக்கிறது.

நான் சிரித்திருக்கக் கூடாது.

மூன்றாம் நாள், கொட்டகையில் கிடந்த பழைய கம்பத்தை
நானே நிமிர்த்தி இழுகயிறு கட்டினேன்.
ஒரெஸ்டே வந்தார். மூட்டு நலம்.
மருத்துவரை இத்தாலிய மொழியில் திட்டினார்,
எனக்கே புரிந்தது.

இப்போது இரண்டும் நிற்கின்றன,
நெட்டை கடலுக்கு, குட்டை மலைக்கு.
மூன்றாவதாக ஒன்றும் உண்டு:
துணி காயப்போடும் உயரத்தில் வெறும் கம்பி.
மலைக்கு அந்தப் பக்கம் ஓட்வாரின் பண்ணை,
காக்கைக்கு நாலு கிலோமீட்டர்,
காருக்கு எழுபது, நடுவில் ஒரு படகு.
அந்தக் கம்பியின் அலை
செங்குத்தாக முந்நூறு கிலோமீட்டர் ஏறி,
வானத்தில் இடித்து,
மழை போல மலையின் இருபுறமும் விழுகிறது.

பிப்ரவரி கடைசி. ஓட்வார் கேட்கிறார்:
உங்கள் பக்கம் வெயில் வந்துவிட்டதா?
இன்னும் இல்லை என்கிறாள் டோருன்.
இங்கே கண் கூசுகிறது என்கிறார்,
கொஞ்சமும் கருணையில்லாமல்,
அத்தனை தெளிவாக.