குறில், நெடில்

ரோவிகோ நீதிமன்றத்தில்
வாய்ச்சொல்லைத் தட்டச்சில் இறக்குவது என் வேலை.
இருமலை இறக்குவதில்லை.
சாட்சி தொண்டையைச் செருமினால்
அதுவும் கணக்கில் சேராது.

இன்று வந்தவர் ஃபெர்ருச்சோ,
போ நதிக்கரையில் விலாங்கு விற்பவர்.
நவம்பர், காலை ஆறரை, பாலத்தில் பனிமூட்டம்.
சைக்கிளில் போன பையன்மேல் ஒரு வேன்.
'பார்த்தீர்களா?'
'பார்த்தேன்.'
'நிறம்?'
'சிவப்பு.'
பிறகு, மடியிலிருந்த தொப்பியை ஒருமுறை திருப்பிவிட்டு,
'சிவப்பாகத் தெரிந்தது.'

பள்ளியில் லத்தீனில் இரண்டு முறை தேறாதவள் நான்.
ஒன்று மட்டும் நிற்கிறது:
விதெயோ, பார்க்கிறேன். அதில் முதலெழுத்து குறில்.
வீதீ, பார்த்துவிட்டேன். அங்கே நெடில்.
பார்ப்பது இமைப்பொழுது,
பார்த்ததுதான் இழுத்துக்கொண்டே போகிறது
என்று பரீட்சைத் தாளில் எழுதி
இரண்டு மதிப்பெண் இழந்தேன்.

அதே வினையைச் செயப்பாட்டுக்குத் திருப்பினால்
'பார்க்கப்படுகிறேன்' என்று வரவேண்டும்.
வரும்தான். ஆனால் பெரும்பாலும்
'தோன்றுகிறேன்' என்றே பொருள்கொள்ளச் சொன்னார்கள்.
பழைய ரோமில் தீர்ப்புச் சொன்னவர்கள்கூட
'செய்தான்' என்று சொல்வதில்லையாம்.
'செய்ததாகத் தோன்றுகிறது.' அவ்வளவுதான்.
அந்தத் தோற்றத்தை வைத்துக்கொண்டு
ஆளை ஊரைவிட்டே அனுப்பியிருக்கிறார்கள்.

நீதிபதி அம்மையார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
'சிவப்பா, சிவப்பாகத் தெரிந்ததா?'
'அம்மா, அந்தப் பனியில் என் கையே எனக்கு
வேறு யாருடையதோ போலிருந்தது.
பையன் விழுந்த சத்தம் மட்டும் அசல்.'
தட்டினேன். சத்தம் என்ற சொல்லில்
ஓர் எழுத்து தவறி,
அழித்து, மறுபடி தட்டினேன்.

வேன்காரனின் மனைவி
முதல் வரிசையிலிருந்து என் விரல்களையே
பார்த்துக்கொண்டிருந்தாள்,
தீர்ப்பு அங்கேதான் தயாராவதுபோல.
நான் யாரும் இல்லை, எழுதுகிறவள் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
இந்த அறையில் பேச உரிமை இல்லாதவள்
நான் ஒருத்திதான்.

மாலை, பேருந்து நிறுத்தத்திலும் அதே பனி.
எதிர்ச்சாரியில் யாரோ கை உயர்த்தினார்கள்.
நானும் உயர்த்தினேன்.
பேருந்து வந்து நடுவில் நின்றது.
அந்தப் பக்கத்துக்கு நான் யாராகத் தெரிந்தேனோ,
அவள் சார்பில்
அசைத்துவிட்டு ஏறினேன்.